கோணல் வெட்டு

“பழைய வெல்டிங் டிரான்ஸ்பார்மர்ல கம்பிய மாத்திச் சுத்துனா இரும்ப அறுக்கற பிளாஸ்மா கட்டர் ஆயிடுமா அம்மணி?” நஞ்சுண்டன் இளக்காரமாகக் கேட்டார். அன்னூரில் இருபது வருஷமாகப் பட்டறை நடத்துகிறவர். பக்கத்துப் பட்டறை இனியா தொழிலுக்கு வந்தே மூன்று வருஷம்தான் ஆகிறது.

“காந்திபுரத்துல நல்ல டயோடாப் பாத்து வாங்கிப் போட்டிருக்கேனுங்கண்ணா. நாப்பது ஆம்பியர் தாங்குமுங்க.”

“தீபாவளிப் பட்டாசுன்னு சொல்லு! எங்கிட்ட கம்பெனி மெஷின் இருக்கறப்ப இந்தக் கருமாந்தரம் எதுக்கு?”

“உங்க மெஷினுக்கு த்ரீ பேஸ் வேணுமுங்க. ஒரு பேஸ் போயிருச்சு, லைன்மேன் சாயங்காலந்தான் வருவாராமா. இது சிங்கிள் பேஸ்லயே ஓடுமுங்க.”

“ஓடாது, வெடிக்கும்.”

“செவுத்தோட ஒட்டி நில்லுங்கண்ணா, பொறி பறக்கும்.”

சீறல் கேட்டது. அஞ்சு நிமிஷம் தாங்காது என்று நஞ்சுண்டன் மனசுக்குள் கெடு வைத்தார். டிரான்ஸ்பார்மர் உறுமியதே தவிர நிற்கவில்லை.

பத்தாவது நிமிஷம், நகைக்கடைக்காக அவர் செய்திருந்த இரும்பு அறையின் கதவு திறந்தது. எந்தக் கொம்பனாலும் அறுக்க முடியாது என்று அவர் சத்தியம் பண்ணிய கதவு. காலையில் பூட்டைச் சோதிக்கிறேன் என்று உள்ளே போய்ச் சாத்தி, மாட்டிக்கொண்ட நஞ்சுண்டன் வியர்வை சொட்டச் சொட்ட வெளியே வந்தார்.

வந்ததும் அறுத்த இடத்தைக் குனிந்து பார்த்தார்.

“வெட்டு கோணலாப் போச்சே அம்மணி.”

“அப்படீங்களா? மறுபடி உள்ள போயி நில்லுங்கண்ணா. கதவ வெல்டு வெச்சு மூடிப்போட்டு, நாளைக்கு நேரா அறுக்கறேனுங்க.”