பின்சீட்டு பெல்ட்

காட்டுக்குள் சொகுசுக் கூடாரத்தில் மூன்று நாள் தங்கியும் கணவன் மனைவி சண்டை ஓயவில்லை. திரும்பும்போது வாடகை ஜீப்பை அவனே ஓட்டினான். பின்சீட்டில் பெல்ட் போடவில்லை என்று வண்டி விடாமல் கத்தியது.

"பின்னால கிடக்கிற உன் பை கனத்துக்குத்தான் கத்துது. எடுத்து மடியில வச்சுக்கோ."

முன்சீட்டில் இருந்த அவள் எட்டி எடுத்துக்கொண்டாள். கத்தல் நிற்கவில்லை.

"இப்பவும் என் பைதானா? வண்டியைப் பார்த்து எடுத்திருக்கணும்."

அவன் கண்ணாடியில் பார்த்தான். பின்சீட்டு காலியாக இருந்தது. எரிச்சலில், "எவனா இருந்தாலும் பெல்ட்டைப் போட்டுத் தொலைடா" என்றான்.

பின்னால் 'டக்' என்று பெல்ட் மாட்டும் சத்தம் கேட்டது. கத்தல் நின்றது.

இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. காட்டின் வெளிவாசலுக்கு இன்னும் பதினோரு கிலோமீட்டர் இருந்தது. வழியெங்கும் ஒரே பலகைதான்: எக்காரணம் கொண்டும் வண்டியை விட்டு இறங்காதீர்கள்.