நெல் மூட்டைச் சவாரி

நல்லேப்பிள்ளி ஆறுச்சாமி நெல் மூட்டையின் மேல் காலை அகட்டி உட்கார்ந்தார். குதிரை ஓட்டுபவர்களுக்கு முதுகை நிமிர்த்தச் சொல்லித்தரும் ஆன்லைன் வகுப்பு. செல்போன் அவருக்குப் பின்னால் நின்றது.

"ஏனுங்க, குதிரை எப்பத்தான் வரும்?" பால் கறக்க வந்த மயிலாத்தாள் சிரித்தாள்.

"வரும், வரும். கூனிக்கிட்டு ஏறுனா குதிரைக்கே அவமானம்," என்றார், நாளைக்கே படை நடத்தப் போகிறவர் மாதிரி.

"போனுக்கு முதுகைக் காட்டிக்கிட்டா படிப்பீங்க?"

"முதுகைத்தான டீச்சர் பாக்கோணும்?"

அவள் போனதும் வீட்டில் டீச்சரின் குரல் மட்டும் மிஞ்சியது. அதுவும் நின்றுவிட்டால் மறுநாள் காலை வரை அந்த வீட்டில் வேறு பேச்சுக் கிடையாது.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் கலைந்தார்கள்.

"ராஜா சார், நீங்க மட்டும் இருங்க. குதிரை வாங்கிட்டீங்களா?"

ராஜா என்ற பொய்ப் பெயரில் சேர்ந்திருந்த ஆறுச்சாமி திரும்பாமலே தலையை இல்லையென்று ஆட்டினார்.

"எப்படி வாங்குவீங்க? 'பொட்டப்புள்ளைக்குக் குதிரை எதுக்கு'ன்னு என்னை ஊட்டை விட்டே தொரத்துன ஆளாச்சே."

ஆறுச்சாமி மூட்டையை இறுகப் பிடித்தார். "மௌனிகா... நான் மூஞ்சியே காட்டலியே கண்ணு, எப்படித் தெரிஞ்சுது?"

"நான் ஏறுன மொத குதிரை இந்த முதுகுதானுங்கப்பா. தெரியாதுங்களா?"

இத்தனை நாள் பாடுபட்டு நிமிர்த்திய முதுகு குலுங்கியது.

"தோளைத் தளர்த்துங்க," என்றாள் டீச்சர். "மெதுவா இந்தப் பக்கம் திரும்புங்கப்பா."