தாய் வழி

சுங்கை லாலாங் ரப்பர் தோட்டத்து மருந்தகத்தில், தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்க்கும் டிரசர் சதாசிவம் தன் நோட்டைத் திறந்தார். சிறு காயத்திலும் ரத்தம் நிற்காத நோய் குடும்பங்களில் எப்படித் தலைமுறையாக இறங்குகிறது என்று ஆறு வருடங்களாக எழுதிவருகிறார்.

“பல்லு புடுங்குனதுல என் அண்ணன் போனாரு. கத்தி கீறுனதுல தம்பி போனான். ரெண்டு பேருக்கும் ரத்தம் நிக்கவே இல்லைங்கய்யா” என்றாள் தோட்டத் தொழிலாளி சிகப்பி.

“தாய் வழியா ஆம்பளப் பிள்ளைக்கு வர்ற நோவும்மா. உன் மகன் வீரசாமிக்கும் இருக்கலாம்.”

“இருக்குங்கய்யா. எழுதிக்குங்க.”

மறுநாள் ஜப்பான்காரர்கள் போனவர்கள் திரும்பாத சயாம் ரயில்பாதை வேலைக்கு ஆள் பிடிக்க வந்தார்கள். சதாசிவம் நோட்டைக் காட்டினார். வீரசாமியை விட்டுவிட்டு லாரி போனது. நாளைக்கும் வருவார்களாம்.

சிகப்பி அழுதபடி வந்தாள். “உங்களைப் பொய் எழுத வச்சிட்டேன், ஐயா. வீரசாமி நான் பெத்த பிள்ளை இல்ல. முன்னாடி பாடாங் மேஹா தோட்டத்துல இருந்தப்ப, காய்ச்சல்ல செத்துப்போன பக்கத்து வீட்டுக்காரி மகன். கைக்குழந்தையா எடுத்து வளர்த்தேன்.”

சதாசிவம் நோட்டில் வீரசாமியின் பக்கத்தைத் திறந்தார். ஆறு வருட உழைப்பில் ஒரு பொய் ஏறிவிட்டது. பிறகு பேனாவில் மை நிரப்பினார்.

“சிகப்பி, இந்த லயத்து வீடுகள்ல நீ பெறாத மகனுங்க இன்னும் எத்தனை பேரு இருக்காங்க? நாளைக்கு லாரி வர்றதுக்குள்ள பேரைச் சொல்லும்மா.”