பிடிவாதக்காரர்

நீர்வண்ண ஓவியர் சங்கம் முதியோர் இல்லத்தில் வாரந்தோறும் இலவச வகுப்பு நடத்தியது. சொல்லித்தந்தவர் சங்கத்தின் செயலாளரான ஓர் அம்மா.

பக்கவாதத்தில் வலக்கையும் பேச்சும் போன பெரியவர் ஒருவர் ஒவ்வொரு வாரமும் ஒரே கடையைத்தான் வரைந்தார். நடுங்கும் இடக்கையால் அதன் சுவரில் கோணல்மாணலாக ஏதோ கிறுக்கியும் வைத்தார்.

“அழகான சுவரை ஏன் ஐயா கெடுக்கறீங்க?” என்று செயலாளர் ஈரத் தூரிகையால் அதை ஒற்றியெடுத்துவிடுவார். பெரியவர் அவர் கையைப் பிடித்துத் தடுப்பார்; கண் கலங்குவார்.

“என்ன பிடிவாதம் பாருங்க,” என்று தாதி சிரிப்பாள்.

இப்படியே எட்டு மாதம் போனது. இல்லத்துக்கு உதவியாகச் சங்கம் போட்ட நாட்காட்டியில் அந்தக் கடையும் இடம்பெற்றது.

ஒரு வகுப்பு நாளில் அந்த நாட்காட்டியைக் கையில் பிடித்தபடி ஒரு பெண்மணி மூச்சிரைக்க வந்தார். பெரியவரைக் கண்டதும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“என் வீட்டுக்காரர்தான். வெளியூர் போனவர் திரும்பவே இல்லை. நாங்க தேடாத இடமில்லை.”

“ரோட்டுல மயங்கிக் கிடந்தாராம். யாரு, எந்த ஊருன்னே எங்களுக்குத் தெரியலைம்மா,” என்றார் செயலாளர். “நல்லவேளை, படத்தைப் பார்த்துக் கண்டுபிடிச்சீங்க.”

“படம் அச்சு அசலா எங்க கடைதான். ஆனா சுவர்ல பெருசா போன் நம்பர் எழுதியிருப்போம். அதை மட்டும் ஏன் விட்டுட்டாரு?”

பெரியவர் மெதுவாகத் திரும்பிச் செயலாளரைப் பார்த்தார்.