பெயர் வேண்டாம்

"பெயர் வேண்டாம்மா, பாரத்தை மட்டும் சொல்லுங்க. லைவ்ல இருக்கீங்க."

போதகர் மைக்கை இழுத்து வைத்துக்கொண்டார். 'நாள்தோறும் ஆனந்தம்' என்ற அந்தக் காலை நேர வானொலி நிகழ்ச்சிக்கு அதுதான் சட்டம். பெயர் சொல்லாமல் யாரும் மனதைத் திறக்கலாம். ஆண்டவரை நம்பி ஒவ்வொரு நாளையும் எப்படிச் சந்தோஷமாகக் கழிப்பது என்று அவர் சொல்லக் கேட்டுக்கொண்டுதான் ஊரில் பாதிப் பேர் காலை வேலையை ஆரம்பிப்பார்கள்.

"ஸ்தோத்திரம் ஐயா. பாரம்னு பெருசா ஒண்ணுமில்ல. உங்ககிட்ட கொஞ்ச நேரம் பேசணும், அவ்வளவுதான்" என்றாள் அந்தப் பெண்.

குரலில் அழுகை இல்லை. வாரம் முழுக்க மூக்கு உறிஞ்சும் சத்தத்தையே கேட்ட காதுக்கு அது இதமாக இருந்தது.

"தாராளமாப் பேசுங்க. நிகழ்ச்சியைத் தினமும் கேப்பீங்களா?"

"ஒரு நாளும் விட்டதில்லைங்க. சமையல்கட்டுல ரேடியோவைப் போட்டுட்டுத்தான் பாத்திரத்துலயே கை வைப்பேன். 'என் அன்பானவங்களே'ன்னு நீங்க கூப்பிடறப்போ, என்னைத்தான் கூப்பிடறீங்கன்னு நினைச்சுக்குவேன்."

போதகருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒலியைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்ணைப் பார்த்து, 'கேட்டாயா?' என்பதுபோலப் புருவத்தை உயர்த்தினார்.

"சந்தோஷம்மா. வீட்டுல யார் யாரு?"

"நானும் அவரும்தான். பொண்ணைக் கட்டிக் குடுத்தாச்சு. அவ இருந்த வரைக்கும் வீட்டுல பேச்சுச் சத்தம் இருந்தது."

"வீட்டுக்காரர் பேச மாட்டாரா?"

"வெளியில நல்லாப் பேசுவாருங்க. சிரிப்பென்ன, விசாரிப்பென்ன! வாசப்படி தாண்டி உள்ள வந்தா வாய்க்குப் பூட்டு. 'சாப்பாடு வை', 'லைட்டை அணை', அதோட சரி. நான் ஏதாவது கேட்டா 'ம்'பாரு. திரும்பக் கேட்டா, 'அலுத்துப் போய் வர்றேன், தொணதொணக்காத'ம்பாரு."

"குடிப் பழக்கம் உண்டா?"

"ஐயோ, அதெல்லாம் கிடையாது. கை நீட்டினதும் கிடையாது. பாக்கறவங்க எல்லாம் என்னைக் குடுத்து வெச்சவன்னுதான் சொல்லுவாங்க."

போதகர் நிமிர்ந்து உட்கார்ந்தார். இப்படிப்பட்ட புருஷன்மாரை வாங்கு வாங்கென்று வாங்குவது அவருக்குக் கைவந்த கலை.

"பாத்தீங்களா, என் அன்பானவங்களே! ஊரெல்லாம் பல்லைக் காட்டிட்டு, கட்டினவகிட்ட மட்டும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கறவனுக்கு என்ன பேரு? வேஷக்காரன்! ஒரு நல்ல வார்த்தை சொன்னா இவன் சொத்து குறைஞ்சா போயிடும்?"

காத்திருக்கும் அழைப்புகளின் விளக்குகள் வரிசையாக மினுங்கின. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவள் கட்டை விரலை உயர்த்திக் காட்டினாள்.

"அவரைத் திட்டாதீங்க ஐயா. கெட்டவர் இல்ல" என்றாள் அவள் அவசரமாக.

"உங்களுக்குப் பெரிய மனசும்மா. ஆண்டவர்கிட்ட தினமும் பேசறீங்களா? நிஜமான ஆனந்தம் அங்கதானே இருக்கு?"

"பேசறேங்க. கண்ணு முழிச்சதும் முதல் பேச்சு அவர்கிட்டதான். அந்தச் சந்தோஷத்துலதான் இத்தனை வருஷம் ஓடினது, பொய் சொல்லல. ஆனா ஐயா, தலைவலி எப்படி இருக்குன்னு வாயைத் திறந்து கேக்க ஒரு மனுஷக் குரலும் வேணும்போல இருக்கே. இது பாவமா?"

அப்போதுதான் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது.

"பாவமில்லம்மா" என்றார் போதகர்.

"பெட்டியை அடுக்கி வெச்சிட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போறேன். போனா திரும்பி வர்றதா இல்ல. ஆனாலும் மனசு கேக்கல. அதான் அவருக்கு ஒரு சின்னப் பரீட்சை வெச்சிருக்கேன். பாஸாயிட்டா பெட்டியைப் பிரிச்சிடுவேன்."

"என்ன பரீட்சை?"

"அதை மட்டும் கேக்காதீங்க. கட்டின புருஷனுக்கு ரொம்ப லேசானது. இன்னைக்குக் காலையிலயே தெரிஞ்சிடும்."

"அப்போ கவலையை விடுங்க. எவ்வளவு கல்நெஞ்சக்காரனா இருந்தாலும் ஜெயிச்சிடுவாரு. நான் பொறுப்பு. வாங்க, இப்பவே ஜெபிப்போம்."

அவர் கண்களை மூடிக்கொண்டு உருகினார். முகம் தெரியாத அந்தச் சகோதரனின் நாவைக் கட்டவிழ்க்கச் சொன்னார். பக்கத்திலேயே இருப்பவளின் அருமையை அவனுக்கு உணர்த்தச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரையும் அவனுக்காக ஆமென் சொல்லச் சொன்னார். ஒலியைக் கவனித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேச்சில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை.

"ஆமென். இப்போ மனசு எப்படிம்மா இருக்கு?"

வானொலியில் அமைதி ஆகாது. போதகர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேன். பரீட்சை முடிஞ்சிடுச்சு."

"அதுக்குள்ளயா? பாஸாயிட்டாரா?"

"இல்ல" என்றாள் அவள். "என்னங்க, கல்யாணமானதுலேருந்து நாம ரெண்டு பேரும் இவ்வளவு நேரம் பேசினதே இல்ல. உங்க வயித்துவலி மாத்திரை ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டுப் போறேன்."