பின்னால் வரும் வெள்ளை அங்கி

ஆன்லைன் விளையாட்டில் டிராகன் வேட்டைக்குக் குழு மொத்தமும் கூடியிருந்தபோது, மதிவாணனின் ஹெட்செட்டில் ஹெலன் அக்கா பேசினாள். "தம்பி, அப்பாவுக்கு மருந்து குடுத்துட்டு வந்துடறேன். என் ஆளை உன் பின்னாடியே வர்ற மாதிரி போட்டிருக்கேன், பாத்துக் கூட்டிட்டுப் போ." திரையில் அவளுடைய வெள்ளை அங்கிக்காரி அவன் வீரனுக்குப் பின்னால் நடக்கத் தொடங்கினாள். விழுந்தவர்களுக்கு உயிர் கொடுப்பது அக்காவின் வேலை. ஆனால் அவள் கை மெதுவு. "அக்கா இடத்துக்கு வேகமான ஆள் ஒருத்தன் காத்திருக்கான். அவங்களச் சாகடிச்சிடு, நாம வெளிய அனுப்புன மாதிரி இருக்காது" என்று குழுத் தலைவன் அவனுக்கு மட்டும் எழுதினான். மதிவாணன் நெருப்பாற்றின் விளிம்புவரை போய்த் தாவினான். பின்தொடர்கிற ஆளுக்குத் தாவ வராது. வெள்ளை அங்கி, அவனையே பார்த்தபடி, நெருப்புக்குள் நடந்தது. அக்கா திரும்பிவந்து பதறினாள். "அய்யய்யோ, செத்துட்டேனா? வேற ஆளச் சேத்துக்கங்கப்பா, எனக்காக நிக்காதீங்க. மதி, நீ தப்பிச்சிட்டல்ல?" அவன் மைக்கை அணைத்தான். அன்று டிராகன் செத்தது. அடுத்த நாள் அவன் விளையாட்டைத் திறந்ததும், கோட்டை வாசலில் வெள்ளை அங்கி அவனுக்குப் பின்னால் வந்து நின்றது. "மருந்து நேரம் தம்பி, இதோ வந்துடறேன்" என்றாள் அக்கா. அவன் ஓர் அடிகூட நகரவில்லை.