ஸ்டெல்லாமேரியின் கைராசி

“ரெண்டே நாள் லீவு குடுங்க சார். பொண்ணுக்கு வலி கண்டுடுச்சாம். காரைக்கால்ல அவளுக்கு வேற யாருமில்ல.”

ஸ்டெல்லாமேரி கெஞ்சினாள். முதலாளி முகிலன் தொட்டியைத்தான் பார்த்தார்.

முத்தியால்பேட்டையில் அவருடைய பட்டறை. பழைய செல்போன் போர்டுகளைப் பொடித்துத் தொட்டியில் கொட்டுவார்கள். அதில் வளரும் பாக்டீரியா செம்பைக் கரைத்துவிட்டுத் தங்கத்தைத் தனியே விடும். பாக்டீரியாவுக்கு வேளாவேளைக்குத் தீனி போடுவது ஸ்டெல்லாமேரியின் வேலை.

“மாதா கோயில் திருவிழான்னு போனீங்க. மறுநாள் பாத்தா அத்தனையும் செத்துக் கெடக்குது. தம்பி கல்யாணத்துக்குப் போனீங்க, அப்பவும் அதே கதை. உங்க கைராசி வேற யாருக்கும் வராதுக்கா.”

“கூட வேலை செய்யிற பாரதி பாத்துப்பா சார். எல்லாம் சொல்லிக் குடுத்திருக்கேன்.”

“அப்பவும் அவதானே பாத்தா? இன்னொரு தடவ செத்துதுன்னா பட்டறைய இழுத்து மூடவேண்டியதுதான்.” அவர் கைகூப்பினார். “மன்னிச்சுக்குங்கக்கா. உங்கள விட முடியாது.”

செல்போன் அடித்தது.

“கெளம்பிட்டியாம்மா?” மகளின் குரல் நடுங்கியது.

ஸ்டெல்லாமேரி முதலாளியைப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் இந்த நிமிஷமே கிளம்பலாம். ஆனால் பட்டறைக்குத் திரும்பி வர முடியாது.

பாரதியே போதும் என்று முதலாளி நினைத்துவிடுவாரோ என்று பயந்து, அந்த இரண்டு தடவையும் கிளம்புவதற்கு முன் தொட்டியில் ஒரு பிடி பிளீச்சிங் பவுடரைப் போட்டுவிட்டுப் போனது அவள்தான்.